பழைய ராஜ்தூத் 350 வாங்கலாமா? வண்டி பார்க்கப் போகும் முன்பிருந்து பணம் கொடுக்கும் வரை

1980-களின் டூ ஸ்ட்ரோக் பைக்கான ராஜ்தூத் 350-ஐப் பார்க்கப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வண்டி பக்கத்தில் போனதும் கிக்கரைத்தான் உதைக்கிறார்கள். இரண்டு சைலன்சரும் சேர்ந்து அந்தச் சத்தம் வந்தவுடன் கண் தெரிவதில்லை. அப்புறம் ஆர்சி புக்கில் சிக்கல் இருந்தாலும் "பார்த்துக்கலாம்", ஃபிரேமில் வெல்டிங் இருந்தாலும் "பரவாயில்லை" என்றாகிவிடும். நானும் முதல் வண்டியை அப்படித்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு நண்பர்களுக்காக நிறைய வண்டிகள் பார்க்கப் போயிருக்கிறேன். போகப் போகப் புரிந்த ஒரு விஷயம், எதைப் பார்க்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம். முதலில் காகிதம், பிறகு நம்பர், பிறகு ஃபிரேம், அதன்பின் நின்ற நிலையில் என்ஜின். சத்தம் கடைசியில்தான்.

1. முதலில் உங்களைப் பற்றி மூன்று கேள்விகள்

தினமும் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறதா? மழை படாத இடம் இருக்கிறதா? டூ ஸ்ட்ரோக் ட்வின் (இரட்டை சிலிண்டர்) என்ஜினைப் பிரித்துக் கோத்த மெக்கானிக் ஒருவர் உங்களுக்குப் பழக்கமா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஆர்எக்ஸ் 100 பார்க்கும் மெக்கானிக் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இதில் இரண்டு கார்ப்பரேட்டர், பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் இரண்டு ஜோடி. இரண்டு பக்கத்தையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பது தனிக் கைப்பழக்கம். அது தெரியாதவர் கைக்குப் போனால் ஒரு பக்க சிலிண்டர் மட்டும் சூடாகி ஜாம் ஆகும்.

2. கையில் எடுத்துப் போக வேண்டியவை

ஒரு டார்ச், சின்னக் காந்தம், வெள்ளைத் துணி, பிளக் ஸ்பேனர், நீளமான நூல், பேட்டரி வோல்டேஜ் பார்க்க மல்டிமீட்டர், 14 மில்லிமீட்டர் பிளக் துளைக்குப் பொருந்தும் கம்ப்ரஷன் கேஜ், 100 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்). புது பி8ஹெச்எஸ் பிளக் ஒரு ஜோடியும் இருந்தால் நல்லது. ஹெல்மெட் உங்களுடையதாக இருக்கட்டும்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போவதாக இருந்தால் அவருடைய கூலியை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். வண்டி வாங்கினால்தான் காசு என்று வைத்தால், "வாங்காதே" என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

3. போனில் கேட்க வேண்டியது

ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆர்டிஓ, எந்தத் தேதி வரை செல்லும், கடைசியாக எப்போது ஓடியது. இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று சொல்லுங்கள்: "நான் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்."

போய்ச் சேர்ந்ததும் பேச்சோடு பேச்சாக உள்ளங்கையை சிலிண்டர் ஃபின் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) மேல் வையுங்கள். ஒருமுறை சேலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். காலை ஏழரை மணி, வாசலில் கோலம்கூட காயவில்லை. ஃபின்னில் கை வைத்தால் டீ கிளாஸ் மாதிரி இளஞ்சூடு. வண்டியை யாரோ அரை மணி நேரம் முன்பே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள். அதனால் வண்டி மோசம் என்று ஆகிவிடாது. ஆனால் குளிர்ந்த நிலையில் தெரிய வேண்டிய எதையும் அன்று பார்க்க முடியாது. டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தோம்.

4. காகிதம்: இங்கே தேறாவிட்டால் திரும்பிவிடுங்கள்

என்ஜினைக் காசு கொடுத்துச் சரி செய்யலாம். கெட்டுப்போன காகிதத்தைப் பல நேரம் எவ்வளவு கொடுத்தாலும் சரி செய்ய முடியாது. அதனால்தான் இது முதல் படி.

ஆர்சியில் இருக்கும் உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த வண்டிகள் 1983 முதல் 1980-களின் இறுதி வரை தயாரானவை. அன்று நாற்பது வயதில் வாங்கியவர் இன்று எண்பதை ஒட்டியிருப்பார். அவர் இறந்திருந்தால் நேரடியாக உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். அந்த வேலையை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும். "நீங்களே பண்ணிக்குங்க, விலையில் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், சம்மதிக்க வேண்டிய குடும்பம் உங்களுடையது அல்ல.

அடுத்த பொறி, கையெழுத்து மட்டும் போட்டு மற்ற இடமெல்லாம் காலியாக இருக்கும் படிவம் 29, 30. முதல் உரிமையாளர் பத்து வருடம் முன்பு கையெழுத்துப் போட்டிருப்பார், அந்தத் தாளோடு வண்டி நான்கு கை மாறியிருக்கும். அவரை நேரில் பார்க்கவோ போனில் பேசவோ முடியாவிட்டால் அந்தத் தாளை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

பிறகு ஆர்சியின் ஆயுள். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1986-ல் பதிவான வண்டி என்றால் 2001, 2006, 2011, 2016, 2021 என்று வரிசையாகப் புதுப்பித்திருக்க வேண்டும். நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் அபராதமும் பசுமை வரியும் சேர்ந்திருக்கும். அந்தந்த ஆர்டிஓவில் நேரில் கேட்டுத் தொகையை எழுதி வாங்குங்கள், புரோக்கர் வாய்க்கணக்கு வேண்டாம். 20 வருடத்தைத் தாண்டிய இரு சக்கர வண்டியைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025-ல் 2,000 ரூபாய் ஆக்கியிருக்கிறது. அபராதம், வரி எல்லாம் அதற்கு மேல்.

பழைய புத்தக ஆர்சி கணினியில் ஏறியிருக்கிறதா என்று எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஏறாவிட்டால் ஆர்டிஓவில் பழைய பதிவேட்டைத் தேடிக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். அதுவும் உங்கள் பணம் கைமாறும் முன்பே நடக்க வேண்டிய வேலை. ஆர்சியில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் படிவம் 35-ம் கடன் முடிந்த கடிதமும் வேண்டும். நாற்பது வருடம் முந்தைய கடன் என்றாலும் அந்தப் பதிவை ஆர்சியில் நீக்காமல் பெயர் மாறாது.

"விண்டேஜ் வண்டி சார், தனி நம்பர் வாங்கிக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் ஆன வண்டிதான் விண்டேஜ். முதல் ராஜ்தூத் 350-க்கே அது 2033-ல்தான்.

5. நம்பர் பிளேட்டும் சேஸ் நம்பரும்

இப்போது நாம் பார்க்கும் டிஎன் 01 மாதிரியான வரிசை, 1989-ல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்தும் எண்ணும்தான். ஆகவே 1985 மாடல் என்று சொல்லும் வண்டியில் டிஎன் 01 மாதிரி நம்பர் இருந்தால், அது ஏன் என்று கேளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து மறுபதிவு ஆகியிருந்தால் பிழையில்லை. ஆனால் பழைய நம்பரும் அங்கிருந்து வாங்கிய தடையில்லாச் சான்றான படிவம் 28-ன் நகலும் இருக்க வேண்டும்.

சேஸ் நம்பர் ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் குத்தியிருக்கும். என்ஜின் நம்பர் கிராங்க் கேஸில் இருக்கும். ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே கோட்டில் வர வேண்டும். நம்பரைச் சுற்றி மட்டும் பெயின்ட் தடித்திருந்தாலோ, கிரைண்டர் கோடு தெரிந்தாலோ, கழுத்துக் குழாயைச் சுற்றிப் புது வெல்டிங் இருந்தாலோ, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். அடுத்த முறை புதுப்பிக்கப் போகும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பதும் இதே இடத்தைத்தான்.

6. ஃபிரேம், சக்கரம், டேங்க்

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். கிளக் கிளக் என்று ஆடினால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறது. பெரிய செலவில்லை, ஆனால் இதோடு ஓட்டினால் வளைவில் வண்டி நெளியும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் கழுத்து பேரிங் போய்விட்டது.

பின் டயரிலிருந்து முன் டயர் வரை இரு பக்கமும் நூல் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இடைவெளி அதிகமாக வந்தால் முதலில் செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் நூல் விலகினால் ஃபோர்க் அல்லது ஃபிரேம் வளைந்திருக்கலாம். இந்த வண்டியில் விழாதவர்கள் குறைவு, ஆகவே இதைத் தவறவிடாதீர்கள்.

டேங்கில் காந்தம் வைத்து நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பள்ளத்தைப் புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். உள்ளே டார்ச் அடித்தால் துரு தெரியும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் பைப்பையும் கார்ப்பரேட்டர் ரப்பர்களையும் சீக்கிரம் கெடுக்கிறது, தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இவையெல்லாம் மாற்ற வேண்டும் என்றே கணக்கு வையுங்கள்.

7. என்ஜின்: இன்னும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்

இந்த என்ஜினில் பணம் தின்னும் இடம் கிராங்க், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஒரே கிராங்க். அது துண்டு துண்டாக அழுத்திக் கோத்தது. பேரிங்கோ நடு சீலோ போனால் பிரஸ்ஸில் போட்டுப் பிரித்து, திரும்பக் கோத்து, நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நேர் பார்க்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த லேத்துகள் சில ஊர்களில்தான் உண்டு.

கிராங்கின் இரண்டு முனையிலும் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்) இருக்கிறது. இரண்டும் இரண்டு விதமாகக் கெடும்.

வலது பக்கம் கிளட்ச்சும் கியர் ஆயிலும் இருக்கும் பக்கம். அந்தச் சீல் போனால் என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். வலது சைலன்சரில் மட்டும் அடர்த்தியான புகை வரும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும்.

இடது பக்கம் டைனமோ. அங்கே ஆயில் கிடையாது, காற்றுதான். அந்தச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும், இடது பிஸ்டன் சூடாகும். புகை வராது, சத்தமும் நன்றாகவே இருக்கும், வண்டி கொஞ்சம் கூர்மையாக இழுப்பது போலக்கூட தோன்றும். இதுதான் ஆபத்தானது. என்னுடைய முதல் வண்டி இப்படித்தான் இருந்தது. செங்கல்பட்டைத் தாண்டி நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடித்துப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் ஓரம் கட்டினேன். விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான்தான் இடது பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

ஆகவே இடது பக்க மூடியைக் கழற்றுங்கள், சில ஸ்க்ரூதான். டார்ச் அடித்து டைனமோவுக்குப் பின்னால் வெள்ளைத் துணியை நுழைத்துத் துடைத்துப் பாருங்கள். தூசி ஒட்டினால் நல்லது. துணி ஆயில் பிசுபிசுப்போடு கறுத்து வந்தால் சீல் கசிகிறது. அந்தப் பக்கமே கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் உணர்ந்தால் கிராங்க் வேலைக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வையுங்கள். இரண்டும் காபித்தூள் நிறத்தில் ஒன்றுபோல இருப்பது நல்லது. ஒன்று சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அந்தப் பக்கம் காற்று இழுக்கிறது. இரண்டு பிளக்கும் கடையிலிருந்து இப்போதுதான் எடுத்தது போலப் பளபளத்தால், பழையதைக் காட்டச் சொல்லுங்கள்.

பிளக் கழற்றிய துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து, ஏழெட்டு முறை உதையுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் சமமா என்பதைப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் போர் (சிலிண்டரின் உள் துளை) வேலை இருக்கிறது. எத்தனை முறை ரீபோர் ஆகியிருக்கிறது, அதாவது துளையைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரிஜினல் போர் 64 மில்லிமீட்டர். கால் கால் மில்லிமீட்டராக ஏற்றி 65 வரை போகலாம், அதற்கு மேல் உள்ளே புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான். ஒரு பக்கம் ஒரு சைஸ், மறு பக்கம் இன்னொரு சைஸ் போட்ட வண்டிகளும் இருக்கின்றன. அப்படியென்றால் யாரோ அரைகுறையாக வேலையை முடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, என்ஜினுக்குத் தானாக 2டி ஆயில் ஊட்டும் ஆயில் பம்ப். பலர் அதைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி வரை 2டி ஆயில் கலந்து ஓட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் எந்த முறை என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது. பம்ப் இருக்கும், ஆனால் வேலை செய்யாது, டேங்கில் வெறும் பெட்ரோல் இருக்கும். உங்கள் சோதனை ஓட்டத்திலேயே பிஸ்டன் போய்விடும்.

8. இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள்

இந்த வண்டியின் இக்னிஷன் பேட்டரியை நம்பி இருக்கிறது. பேட்டரி செத்திருந்தால் பொறி வராது. "பேட்டரி வீக்கு, அதான் ஸ்டார்ட் ஆகலை" என்பது உண்மையாகவும் இருக்கலாம், சாக்காகவும் இருக்கலாம். நல்ல 12 வோல்ட் பேட்டரி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓடும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் மல்டிமீட்டரில் வோல்டேஜ் ஏற வேண்டும். அசையாமல் நின்றால் சார்ஜ் ஆகவில்லை.

முதல் இரண்டு நிமிடம் புகை வரட்டும், அது இயல்பு. இரண்டு சைலன்சர் வாயிலும் உள்ளங்கையைச் சற்றுத் தள்ளி வைத்து, காற்று சமமாக அடிக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் வலது பக்கம் மட்டும் புகைந்தால் முன்பு சொன்ன வலது சீல்.

நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள். சத்தம் உடனே கீழே இறங்க வேண்டும். இறங்காமல் அங்கேயே தொங்கி நின்று மெதுவாக இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. முதலில் ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்குகிறதா, கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் இடது சீல்.

9. ஓட்டம்

டேங்கில் நீங்கள் கொண்டுபோன 2டி ஆயிலை லிட்டருக்கு 30 மில்லி கணக்கில் ஊற்றிக் கலக்கிவிட்டுக் கிளம்புங்கள். பம்ப் வேலை செய்தால் கொஞ்சம் கூடுதலாகப் புகையும், அவ்வளவுதான்.

தெருமுனை வரை போய் முதலில் பிரேக்கைப் பாருங்கள். முன்னால் 7 அங்குல டிரம் பிரேக். 30 குதிரைத்திறன் வண்டிக்கு அது என்றுமே போதாது. புதிதாக வருகிறவர்கள் கியர் மாற்றும் குஷியில் இதை மறந்துவிடுகிறார்கள். பிரேக்கைப் பற்றி உங்களுக்கு நம்பிக்கை வரும் வரை மூன்றாவது கியருக்கு மேல் போக வேண்டாம்.

டிஸ்க் மாட்டியிருந்தால் பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் சட்டப்படி அது மாற்றம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. புதுப்பிக்கும்போது ஆய்வாளர் மறுக்கலாம் என்பதால் பழைய டிரம் ஹப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு கியரையும் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்ப முறுக்கும்போது கியர் வெளியே குதிக்கக் கூடாது. குதித்தால் என்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும். மேல் கியரில் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அது சின்னச் செலவு. நடு வேகத்துக்கு மேல் ஒரு இடத்தில் வண்டி திடீரென்று விழித்துக்கொண்டு இழுக்க வேண்டும். அந்த இழுப்பு வராவிட்டால் சைலன்சர் அடைப்பிலிருந்து டைமிங் வரை காரணம் பல இருக்கலாம்.

10. ஹெச்.டி.யா எல்.டி.யா

இந்த வண்டி இரண்டு வகையில் வந்தது: ஹெச்.டி. (ஹை டார்க்) 30.5 குதிரைத்திறன், எல்.டி. (லோ டார்க்) 27. "ஒரிஜினல் ஹெச்.டி. சார்" என்ற ஒரு வார்த்தைக்குப் பெரிய தொகை கூட்டிக் கேட்பார்கள். இத்தனை வருடத்தில் சிலிண்டர், சைலன்சர் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறியிருக்கும், சிலிண்டரில் வாயு போகும் வழியான போர்ட்டைக் குடைந்து ஹெச்.டி. ஆக்கியதும் உண்டு. நல்ல கிராங்க் உள்ள எல்.டி. கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

11. விலைக் கணக்கு

அங்கேயே விலை பேசாதீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதுங்கள்: கிராங்க் வேலை, போரும் பிஸ்டனும், சீல் செட், பிரேக், டயர், வயரிங், ஆர்டிஓ செலவு. ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடமும் லேத்திலும் தொகை கேட்டுப் போடுங்கள். குறைந்துபோன சின்னச் சாமான்களையும் சேருங்கள். சைடு கவர், மீட்டர், டேங்க் மூடி இவற்றைச் சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், பிஸ்டனைவிட இவைதான் கிடைக்காது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேருங்கள். என்ஜினைப் பிரித்த பிறகுதான் தெரியும் செலவுக்கு அது.

ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வண்டியின் விலையிலிருந்து இந்தத் தொகையைக் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை. விற்பவர் அதற்கு மேல் கேட்டால் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஈரோட்டுத் தம்பி ஒருவர் அப்படித்தான் வந்தார். "அண்ணா, போயிருமோ?" என்று வாரம் ஒரு முறை போன் செய்துகொண்டே இருந்தார். ஏழாவது வாரம் விற்பவரே கூப்பிட்டார்.

12. பணம் கொடுக்கும் நாளும் அடுத்த வாரமும்

முழுப் பணமும் ஆர்டிஓ விண்ணப்பம் போடும் அன்றே கொடுங்கள், வங்கி வழியாக. உரிமையாளரின் அடையாள அட்டை நகல், நிரப்பிய படிவம் 29, 30, தேதியும் நேரமும் எழுதிய விற்பனைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் டேங்கில் உள்ள பழைய பெட்ரோலைக் காலி செய்யுங்கள். கியர் ஆயிலை மாற்றி, ஊற்றிய அளவையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த ஆயிலை வடித்து அளந்து பாருங்கள். வெளியே சொட்டு இல்லாமல் அளவு குறைந்திருந்தால் வலது சீலை மாற்ற நாள் குறியுங்கள்.